காற்றுத் துப்பாக்கிக்கு ஏற்ற தொலைநோக்கி

காட்டெருமையை வீழ்த்துவதற்கென்று செய்யப்பட்ட பெருந்துப்பாக்கி தோளில் எவ்வளவு கடுமையாக உதைக்கும் என்பதைப் பழைய வேட்டை நூல்களைப் படித்தோர் அறிவர். அத்தகைய துப்பாக்கியின்மேல் ஆண்டுக் கணக்கில் பழுதின்றி இருந்த ஒரு தொலைநோக்கியைக் கழற்றி, எலியையும் முயலையும் சுடுகின்ற சுருள்வில் காற்றுத் துப்பாக்கியொன்றில் பொருத்தினால், சில நூறு முறை சுடுவதற்குள் அதன் குறுக்குக் கம்பி அறுந்துவிடலாம். அல்லது உள்ளிருக்கும் வில்லை தளர்ந்து குறி நாளுக்கொரு திசையில் அலையலாம். வெடிமருந்தே இல்லாத, தோளில் உதைப்பதாகவே தோன்றாத ஒரு சிறு கருவி இதனைச் செய்வது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண்போமாயின், தொலைநோக்கியைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்துவிடும்.

அதற்கு முன் ஒரு செய்தியை ஐயத்திற்கிடமின்றிக் கூறிவிட வேண்டும். இக்கட்டுரையில் வேட்டை என்று வருமிடமெல்லாம், அது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடுகளை, சிறப்பாக இங்கிலாந்தைக் குறிக்கும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. காற்றுத் துப்பாக்கியால் சுட்டாலும் குற்றம் குற்றமே. எலி, காகம், பழந்தின்னி வௌவால் ஆகியவை அச்சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் தீங்குயிர்களாகக் குறிக்கப்பட்டிருந்தன என்பதை நினைவில் வைத்திருக்கும் களப் பணியாளர் பலர் உளர். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கிவிட்டது. திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய கையேட்டைப் பார்த்துக் கிராமத்தாருக்கு விடை சொல்லுதல் கூடாது. துப்பாக்கியைப் பொறுத்தவரை, குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கு மேற்பட்டோ, ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்பட்டோ இருப்பின் உரிமம் வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் ஏற்பாடு.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே பயிரை அழிக்கும் காட்டு முயலும் காட்டுப் புறாவும், களஞ்சியத்துப் பழுப்பெலியும், வட அமெரிக்காவிலிருந்து 1876இல் கொண்டுவந்து விடப்பட்டு உள்நாட்டுச் செவ்வணிலை ஒதுக்கிவிட்ட சாம்பல் அணிலும், நிலத்துக்குரியவரின் இசைவோடும் அரசின் பொது அனுமதிகளுக்கு உட்பட்டும் சுடப்படுகின்றன. அங்குச் சான்றிதழின்றி வைத்துக்கொள்ளத் தக்க காற்றுத் துப்பாக்கியின் ஆற்றல் 12 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 ஜூல். இது சிறிய ஆற்றல். உடலின் எப்பகுதியில் பட்டாலும் விலங்கை உடனே வீழ்த்திவிடும் வலிமை இதற்கு இல்லை. பழகிய வேட்டையாளர் முயலின் தலையில் ஏறத்தாழ ஓர் அங்குல விட்டமுள்ள வட்டத்தையே இலக்காகக் கொள்வர். குண்டு அவ்வட்டத்துக்குள் பட்டால் விலங்கு அறியுமுன் இறக்கும். அரை அங்குலம் விலகினால் தாடை உடைந்து புதருக்குள் ஊர்ந்து சென்று நாட்கணக்கில் துன்புற்றுச் சாகும். தொலைநோக்கியைப் பற்றிய பேச்சு முழுவதும் இந்த அரை அங்குலத்தைப் பற்றியதே.

இருமுறை உதைக்கும் துப்பாக்கி

சுருள்வில் காற்றுத் துப்பாக்கியின் உள்ளே, சில நூறு கிராம் எடையுள்ள பிஸ்டன் ஒன்று வலிய சுருள்வில்லால் பின்னிழுக்கப்பட்டு நிற்கிறது. விசையை அழுத்தியதும் பிஸ்டன் முன்னோக்கிப் பாய்கிறது. உந்த அழிவின்மை விதிப்படி மூன்று நான்கு கிலோகிராம் எடையுள்ள துப்பாக்கி பின்னோக்கி நகர்கிறது. இது முதல் உதைப்பு, மென்மையானது. அடுத்து, பிஸ்டன் தன் பாய்ச்சலின் இறுதியில், தானே அழுத்திய காற்றின்மேல் மோதி மிகக் குறுகிய தொலைவிலும் மிகக் குறுகிய நேரத்திலும் நிறுத்தப்படுகிறது. அப்பொழுது துப்பாக்கி முன்னோக்கி வெட்டியிழுக்கப்படுகிறது. இந்த இரண்டாம் உதைப்பே கொடியது. இடப்பெயர்ச்சி சிறிதாகையால் தோள் அதனைப் பெரிதாக உணர்வதில்லை. ஆயினும் முடுக்கம் மிகப் பெரிது. வெடிமருந்துத் துப்பாக்கியின் தொலைநோக்கி பின்னோக்கிய உதைப்பைத் தாங்குமாறு கட்டப்பட்டது. அதன் வில்லைகளும் கம்பியும் எத்திசையில் தாங்கப்பட்டுள்ளனவோ, அத்திசைக்கு எதிராக இங்கே அடி விழுகிறது.

எனவே சுருள்வில் துப்பாக்கி வைத்திருப்பவர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, 'இது காற்றுத் துப்பாக்கியின் இருவழி உதைப்புக்கென்று செய்யப்பட்டதா?' என்பதுதான். உருப்பெருக்கம், விலை, பளபளப்பு எல்லாம் பிற்பாடு. சுருள்வில்லுக்குப் பதிலாக அடைத்த வாயு பிஸ்டனைத் தள்ளும் வகையிலும் இதே உதைப்பு உண்டு. ஆனால் முன்னரே ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தத்தில் கலத்துள் அடைத்த காற்றைச் சிறிது சிறிதாக விடுக்கும் துப்பாக்கியில் பிஸ்டனே இல்லை. உதைப்பும் அநேகமாக இல்லை. அதில் எத்தொலைநோக்கியையும் அச்சமின்றிப் பொருத்தலாம்.

கவ்விகள்

வாங்குவோர் பலர் தொலைநோக்கிக்கு நூறு பங்கு சிந்தித்து, அதனைத் துப்பாக்கியோடு பிணைக்கும் கவ்விகளைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடி வாங்கிக்கொள்கின்றனர். இது தலைகீழான சிக்கனம். நடுத்தரமான தொலைநோக்கி உறுதியான கவ்வியில் அமர்ந்தால் நன்கு பயன்படும்; உயர்ந்த தொலைநோக்கி தளர்ந்த கவ்வியில் இருந்தால் எதற்கும் உதவாது.

காற்றுத் துப்பாக்கிகளின் மேற்புறத்தில் பெரும்பாலும் புறாவால் வடிவில் இரு பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். இவற்றிடையே உள்ள அகலம் 11 மி.மீ. என்று சொல்வது வழக்கமேனும், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சிறிது வேறுபடும். குறுக்கே வெட்டுகள் கொண்ட அகன்ற வீவர், பிக்காட்டினி அடித்தளங்கள் வேறு வகையின. ஒன்றுக்கான கவ்வி மற்றொன்றில் பிடிக்காது. கவ்வியின் மேல் வளையமும் தொலைநோக்கிக் குழாயின் அளவுக்குப் பொருந்த வேண்டும். குழாய்கள் 1 அங்குலம், அதாவது 25.4 மி.மீ. அல்லது 30 மி.மீ. விட்டமுடையவை.

துப்பாக்கி முன்னோக்கி வெட்டியிழுக்கப்படும்போது, அதன்மேல் உள்ள தொலைநோக்கி நிலைமத்தின் காரணமாக இருந்த இடத்திலேயே இருக்க முயல்கிறது. ஓடும் பேருந்து திடீரென வேகம் கொள்ளுகையில் நிற்பவர் பின்னே சாய்வதைப் போன்றதே இது. விளைவாக ஒவ்வொரு முறையும் கவ்வி மயிரிழையளவு பின்னே நகர்கிறது. நூறு குண்டுகளுக்குப் பின் குறி மாறியிருப்பதைக் கண்டு சுடுபவர் தம் கையையோ குண்டையோ குறை கூறுவார். இதனைத் தடுக்க, முன்னும் பின்னும் தனித்தனியாக இரு கவ்விகளை இடுவதைவிட, நீண்டு ஒரே துண்டாக அமைந்த கவ்வியைப் பயன்படுத்துவது நன்று. பள்ளத்தைப் பிடிக்கும் பரப்பு அதில் மிகுதி. அதன் அடியில் ஒரு சிறு முளை இருக்கும். துப்பாக்கியின் மேற்புறத்தில் அதற்கென்றுள்ள துளையில் அம்முளை இறங்கி நின்றால் கவ்வி நகர வழியில்லை. துளையில்லாத துப்பாக்கியாயின், கவ்வியின் பின்னே தடுப்புக் கட்டையொன்றை இறுக்குவர். பொருத்துமுன் பள்ளத்திலுள்ள எண்ணெயைத் துடைத்தெடுக்க மறக்கலாகாது. கவ்வியின் பின் விளிம்பை ஒட்டிப் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இட்டு வைத்தால், நகர்வு உண்டா இல்லையா என்பது மறுநாளே தெரிந்துவிடும். காசில்லாத சோதனை இது.

வளையத் திருகுகளை ஒரு பக்கமாக முழுதும் முறுக்கிவிட்டு மறுபக்கம் வருவது தவறு. மூலைக்கு மூலை மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். அளவுக்கு மீறி முறுக்கினால் மெல்லிய அலுமினியக் குழாய் நசுங்கி, உள்ளே உருப்பெருக்கத்தை மாற்றும் அமைப்பு இறுகிப் போகும்.

குழல் மடித்துக் குண்டேற்றும் துப்பாக்கிகளில் மற்றொரு தொல்லை உண்டு. குழல் சற்றே கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். 25 மீட்டர் தொலைவில் குண்டு குறிக்கு 20 செ.மீ. கீழே படுவதாகக் கொள்வோம். இது 0.008 ரேடியன், அல்லது 27 கலைக்குச் சற்று மேற்பட்ட கோணம். தொலைநோக்கியின் திருகு ஒரு சொடுக்குக்குக் கால் கலை நகர்த்துமாயின், இதனைச் சரிசெய்ய ஏறத்தாழ 110 சொடுக்குகள் வேண்டும். அவ்வளவும் திருகினால் திருகு தன் எல்லைக்கு அருகே வந்துவிடும். உள்ளே எதிர்நின்று தாங்கும் வில் தளர்ந்து, குறி ஒவ்வொரு உதைப்புக்கும் அசையும். திருகைத் தொடாமல் பின்புற வளையத்தை உயர்த்துவதே முறை. வளையங்களின் இடைத்தொலைவு 10 செ.மீ. எனின், தேவையான உயரம் 100 மி.மீ. × 0.008, அதாவது 0.8 மி.மீ. மட்டுமே. பழைய புகைப்படச் சுருளின் துண்டை வளையத்தின் அடியில் வைத்து உயர்த்துவோர் உளர். ஒன்றிரண்டு துண்டுகளுக்குத் தீங்கில்லை. அதற்கு மேற்பட்டால் குழாய் வளையும். சரிவை ஈடுசெய்யப் பின்புறம் உயர்த்தியே வார்க்கப்பட்ட கவ்விகள் விற்கின்றன. அவற்றை வாங்குவதே அறிவுடைமை.

இடமாறு தோற்றப் பிழை

பள்ளி ஆய்வுக்கூடத்து அம்மீட்டரில் முள்ளின் கீழே ஒரு கண்ணாடிப் பட்டை பதித்திருப்பதை ஆசிரியர் அனைவரும் மாணவர்க்குக் காட்டியிருப்பர். முள்ளும் அதன் பிம்பமும் ஒன்றாகுமாறு கண்ணை வைத்து அளவு காண வேண்டும். இல்லையெனில் கண் நகர நகர அளவும் நகரும். முள்ளும் அளவுகோலும் ஒரே தளத்தில் இல்லாமையே இதற்குக் காரணம். தொலைநோக்கியிலும் நிகழ்வது இதுதான். இலக்கின் பிம்பம் குறுக்குக் கம்பியின் தளத்திலேயே விழுந்தால் கண் எங்கிருந்தாலும் கம்பி இலக்கைவிட்டு அசையாது. பிம்பம் முன்னோ பின்னோ விழுந்தால், தலை சிறிது விலகினும் குறி விலகும்.

வெடிமருந்துத் துப்பாக்கிக்கான தொலைநோக்கிகளில் பெரும்பாலானவை 100 கஜத்தில், அதாவது 91 மீட்டரில் இப்பிழை அற்றுப்போகுமாறு நிலையாக அமைக்கப்பட்டவை. காற்றுத் துப்பாக்கி வேட்டையோ 10 முதல் 40 மீட்டருக்குள் நிகழ்வது. நேரக்கூடிய மிகப் பெரிய பிழையை எளிதில் கணக்கிடலாம். பொருளருகு வில்லையின் ஆரத்தை, அமைத்த தொலைவுக்கும் இலக்கின் தொலைவுக்கும் உள்ள வேறுபாட்டால் பெருக்கி, அமைத்த தொலைவால் வகுக்க வேண்டும். வில்லையின் விட்டம் 40 மி.மீ., இலக்கு 20 மீட்டரில் எனின், 20 × 71 ÷ 91, ஏறத்தாழ 15.6 மி.மீ. அரை அங்குலத்துக்கு மேல்! துப்பாக்கி அசையாமல், கை நடுங்காமல், குண்டில் குறையில்லாமல், கண் ஓரத்துக்கு ஒதுங்கியதால் மட்டும் முயல் துன்புறுகிறது. ஆதலின் பொருளருகு வில்லையின் வளையத்தையோ பக்கத்துச் சக்கரத்தையோ திருப்பி, 10 மீட்டர் வரை குவியத்தைச் சரிசெய்யக் கூடிய தொலைநோக்கியே காற்றுத் துப்பாக்கிக்கு உரியது. நிலையாக அமைந்ததே கிடைக்குமாயின், 30 மீட்டர் அளவில் அமைத்ததைக் கேட்டுப் பெறலாம். அப்போது 20 மீட்டரில் மிகப் பெரும் பிழை 7 மி.மீ.க்கு உட்பட்டுவிடும்.

குவியச் சக்கரத்தைக் கண்ணருகுத் திருகோடு குழப்பிக்கொள்வோர் பலர். கண்ணருகுத் திருகு சுடுபவரின் கண்ணுக்கேற்பக் கம்பியைத் தெளிவாக்குவதற்கு மட்டுமே. வெள்ளைச் சுவரை நோக்கி ஒருமுறை சரிசெய்தபின் அதனைத் தொடத் தேவையில்லை. கதிரவனை நோக்கி ஒருபோதும் பார்த்தல் கூடாது என்பதை மாணவரிடம் தனியே வலியுறுத்துக.

உருப்பெருக்கத்தைப் பற்றிச் சுருங்கக் கூறினால் போதும். பெரிதாகக் காட்டும் கருவி கையின் நடுக்கத்தையும் பெரிதாகவே காட்டும். காணும் பரப்பும் குறுகும். முயல் வெளிவரும் அந்திப் பொழுதில் ஒளிதான் அரிய பொருள். கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் விட்டம், பொருளருகு வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கிடைக்கும். 40 மி.மீ. வில்லையில் 4 மடங்குக்கு 10 மி.மீ.; 10 மடங்குக்கு 4 மி.மீ. இருளில் விரியும் கண்மணிக்கு நான்கு போதாது. 3-9×40 என்று குறிக்கப்படும் வகை இவ்வேட்டைக்குப் போதுமானது. நாலு மடங்கில் நிலையான கருவியும் இழிந்ததன்று. 50 மி.மீ. வில்லையுள்ளதை வாங்குவோர், அதற்காக உயரமான வளையங்களையும் வாங்க நேரிடும். கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படியாமல் தலை மிதக்கும். மேலே கண்ட இடமாறு தோற்றப் பிழை உடனே வந்து சேரும்.

குண்டு செல்லும் வழி

தொலைநோக்கி குழலுக்கு ஏறத்தாழ 4 செ.மீ. மேலே அமர்ந்திருக்கிறது. பார்வைக் கோடு நேர்க்கோடு. குண்டின் பாதை வளைகோடு. 12 அடி-பவுண்டு ஆற்றலில் 0.55 கிராம் எடையுள்ள 4.5 மி.மீ. குண்டு நொடிக்கு ஏறத்தாழ 244 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. 30 மீட்டரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பால் அது ஏறத்தாழ 9 செ.மீ. வீழ்கிறது. 30 மீட்டரில் குறி சரியாக இருக்குமாறு அமைத்தோமாயின், குண்டு ஏறத்தாழ 12 மீட்டரில் ஒருமுறை பார்வைக் கோட்டைக் கடந்து மேலேறி, 20 மீட்டரில் 1 செ.மீ. உயர்ந்து, 30இல் மீண்டும் கோட்டைத் தொட்டு, 35இல் 1 செ.மீ.யும் 40இல் 3 செ.மீ.யும் தாழ்ந்திருக்கும். வியப்பு யாதெனின், களஞ்சியத்தில் 5 மீட்டர் தொலைவிலுள்ள எலியைச் சுட்டாலும் குண்டு 2 செ.மீ. கீழேதான் படும். அருகிலிருக்கும் இலக்கு எளிது என்று எண்ணித் தவறுவோர் இதனால்தான் தவறுகின்றனர்.

5.5 மி.மீ. குண்டு எடை மிக்கது, தாக்குதலும் வலிது. ஆனால் அதே ஆற்றலில் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 178 மீட்டரே. 30 மீட்டரில் வீழ்ச்சி 16 செ.மீ. அளவாகிறது, அதே முறையில் குறியமைத்தால் 20 மீட்டரில் இரண்டரை செ.மீ. மேலும், 40 மீட்டரில் 7 செ.மீ. கீழும் படும். 40 மீட்டரை 30 என்று தவறாக மதிப்பிடுபவர் முயலின் தலையை நோக்கி அதன் காலைச் சுடுவார். எவ்வளவு விலையுயர்ந்த தொலைநோக்கியும் இத்தவற்றைத் திருத்தாது. தொலைவை மதிப்பிடுவதற்கென்று கம்பியில் மில் புள்ளிகள் இட்டவை உண்டு. இரு புள்ளிகளுக்கிடையே 10 மீட்டரில் 1 செ.மீ., 30 மீட்டரில் 3 செ.மீ. அடங்கும். ஆயினும் கம்பி இரண்டாம் குவியத் தளத்தில் உள்ள கருவிகளில் இவ்வளவு ஒரே ஓர் உருப்பெருக்கத்தில்தான் உண்மையாகும், பிறவற்றில் பொய்த்துவிடும்.

துப்பாக்கி பக்கவாட்டில் சாயாதிருத்தலும் வேண்டும். 5.5 மி.மீ. குண்டில் 40 மீட்டர் தொலைவுக்கு 5 பாகை சாய்வு 2 செ.மீ. பக்க விலகலைத் தரும். வளையங்களை இறுக்குமுன், தொலைவில் தூக்கு நூலொன்றைத் தொங்கவிட்டு, துப்பாக்கியை நேராக நிறுத்தி, செங்குத்துக் கம்பியை அந்நூலோடு ஒன்றுபடுத்துவது கொத்தனாரும் ஒப்புக்கொள்ளும் முறை.

நம் நாட்டில்

இத்தனை நுணுக்கமும் பேணித் தெளிந்த ஒருவர் சுடும்போதே அரை அங்குலம் தவறக் கூடுமாயின், தொலைநோக்கியுமின்றி, தொலைவின் கணக்குமின்றி, கிளையில் அமர்ந்த பறவையை நோக்கிச் சிறுவர் சுடும் குண்டு என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அருணாசலப் பிரதேசத்தில் வீடுதோறும் புழங்கிய காற்றுத் துப்பாக்கிகளால் காட்டுப் பறவைகள் அருகி வந்த நிலையில், 2021 மார்ச்சில் கிழக்குக் காமெங் மாவட்டத்து லும்டுங்கில், அவற்றைத் தாமே முன்வந்து அரசிடம் ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கப்பட்டது. தொடர்ந்த ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன. உணவுக்கும் வழக்கத்துக்கும் உரியதாயிருந்த ஒரு பொருளைக் கிராமத்தார் இழப்பீட்டை எதிர்பாராமல் கொடுத்தது சிறு செயலன்று.

களப் பணியாளர் இவ்வறிவை நேரே பயன்படுத்தும் இடம் மற்றொன்று உண்டு. ஊருக்குள் நுழைந்த சிறுத்தைக்கு மயக்க மருந்து செலுத்தும் ஊசித் துப்பாக்கியும் அழுத்திய வாயுவால் இயங்குவதே. தலைமை வன உயிரினக் காப்பாளரின் ஆணையின்பேரில் மட்டும் எடுக்கப்படும் அக்கருவியில், குண்டுக்குப் பதிலாக மருந்தடைத்த ஊசி செல்கிறது. அது குண்டைவிட எடை மிக்கது. வேகமோ மிகக் குறைவு. ஆகவே வீழ்ச்சி இன்னும் பெரிது. தொலைவுக்கேற்ப வாயுவின் அழுத்தத்தை மானியில் பார்த்து அமைக்க வேண்டும். மிகுதியானால் ஊசி தசையைக் கிழித்து எலும்பில் ஏறும். குறைந்தால் தோலில் தட்டி விழும், விலங்கு வெகுண்டு கூட்டத்தின்மேல் பாயும். பொருத்திய தொலைநோக்கி நகர்ந்திருக்கிறதா என்று கவ்வியின் பின்னுள்ள பென்சில் கோட்டைப் பார்க்க வேண்டிய நேரம், கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்கும் நேரமே. சிறுத்தை கூரையின்மேல் நிற்கும் நேரமன்று. ஊசியில் நீரை அடைத்து, 10, 20, 30 மீட்டரில் வைக்கோல் பொதியின்மேல் திங்களுக்கொருமுறை எய்து, ஒவ்வொரு தொலைவுக்கும் உரிய அழுத்தத்தைக் கருவியின் பெட்டி மூடியிலேயே எழுதி ஒட்டி வைக்கலாம்.